அடையும் கட்டைக்குக் கீழே எச்சப்பலகை தேவையா?

செம்பவாங் தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் தரைவீட்டின் பின்கட்டில் ஆறு பெட்டைக் கோழிகள் இருக்கின்றன. பழைய கூண்டின் அடிச்சட்டம் உளுத்துப்போனதால் புதிய கூண்டு செய்யப் போகிறேன். அகலம் 180 செ.மீ., ஆழம் 120 செ.மீ. கோழிகள் இரவில் அடைவதற்கான கட்டையைத் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் வைத்து, அதற்கு 20 செ.மீ. கீழே 60 செ.மீ. அகலத்தில் எச்சம் விழுவதற்கென ஒரு பலகையைப் பொருத்துவது என் திட்டம். என் மாமனாரோ, பலகையெல்லாம் வீண்வேலை, தரையில் மரச்சீவலைக் கனமாகப் பரப்பி ஆழ்கூளமாக விட்டுவிடு என்கிறார். கூண்டு நிற்கப்போகும் இடத்திலிருந்து பக்கத்து வீட்டுச் சமையலறைச் சன்னல் நான்கு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் எந்தப் பக்கம் பேசுவீர்கள்?

கரணை எழுதியது:

பலகையின் பக்கம்தான். கோழி ஒரு நாளில் போடும் எச்சத்தில் கணிசமான பங்கு, அது அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் இரவு நேரத்தில்தான் விழுகிறது. அதாவது, நாற்றத்தின் பெரும்பகுதி எங்கே விழும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்த இடத்தில் விழுவதை அப்படியே வாரி எடுக்காமல், தரைக் கூளத்தோடு கலக்கவிட்டுப் பிறகு அதோடு மல்லுக்கட்டுவது ஏன்?

நம் ஊரின் காற்றையும் பாருங்கள். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்குகிறது. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போதுதான் அம்மோனியா கிளம்புகிறது. அதற்கு வேண்டிய சூடும் ஈரமும் இங்கே ஆண்டு முழுவதும் இருக்கின்றன. ஆழ்கூளம் உலர்ந்திருக்கும் வரைதான் ஆழ்கூளம், நனைந்துவிட்டால் அது வெறும் குப்பைமேடு. காலையில் காப்பி போடுவதற்கு முன் ஒரு கொத்துக் கரணையால் இரண்டு நிமிடம் சுரண்டினால், அன்றைய இரவின் எச்சம் மூடிய வாளிக்குள் போய்விடும்.

ரம்புத்தான் நிழல் எழுதியது:

கரணை அவர்களின் கணக்கு சரிதான். ஆனால் அது கணக்காக மட்டுமே இருக்கிறது. என் தகப்பனார் நீ சூன் வட்டாரத்தில், கம்பம் என்று நாம் சொல்லும் அந்தக் காலத்துக் கிராமத்தில், முப்பது கோழிகளுக்குக் குறையாமல் வைத்திருந்தார். அந்தி சாய்ந்ததும் அவை ரம்புத்தான் மரத்தில் ஏறி அடைந்துவிடும். கீழே யாரும் பலகை போடவில்லை. நாற்றம் என்று யாரும் முகம் சுளித்ததுமில்லை.

பலகைக்காரர்கள் சொல்லாமல் விடுகிற சங்கதிகளும் உண்டு. சட்டமும் பலகையும் சேருமிடத்து விரிசல்கள்தாம் செவ்வுண்ணிகளுக்கு அரண்மனை. பகலெல்லாம் அங்கே ஒளிந்திருந்து, இரவில் ஏறிக் கோழியின் ரத்தத்தைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். சுரண்டியபின் பலகையில் எஞ்சும் ஈரப்படலத்தை அடுத்த இரவின் எச்சம் மூடிவிடுகிறது. ஒட்டுப்பலகையாக இருந்தால் ஆறே மாதத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். பலகைக்கு இடம் கொடுப்பதற்காகக் கட்டையை உயர்த்தினால், கோழிகளின் தலை துத்தநாகக் கூரைக்குக் கீழே வெக்கையில் வேகும். இதற்கெல்லாம் பதிலாக 15 செ.மீ. உயரத்துக்கு உலர்ந்த மரச்சீவலைக் கொட்டிவிட்டால், கோழிகளே பகலில் அதைக் கிளறிக் காற்றோட்டம் கொடுத்துவிடும். சின்ன அளவில் கிருமிகளோடு பழகுவதால் ஒட்டுண்ணியால் வரும் ரத்தக் கழிச்சல் நோயை எதிர்க்கும் வலுவும் குஞ்சிலேயே வந்துவிடும்.

கரணை எழுதியது:

ஐயா, கம்பத்து ரம்புத்தான் மரத்தடியில் விழுந்ததை மழை கழுவிக்கொண்டு போனது, மண் உறிஞ்சிக்கொண்டது, கோழிகளும் பகல் முழுவதும் வேறெங்கோ மேய்ந்தன. இங்கே அந்த மூன்றும் கிடையாது. தரைவீட்டில் 10 கோழிகள் வரைதான் வைத்துக்கொள்ளலாம்; பறவைக் காய்ச்சல் அச்சத்தால், வெளிப்பறவைகள் புகாதபடி வலையடித்த கூண்டுக்குள்ளேதான் வைத்திருக்கவும் வேண்டும். இரண்டு சதுர மீட்டரில் இரவும் பகலும் அடைபட்டிருக்கும் ஆறு கோழிகளை, மரத்தில் அடைந்த முப்பது கோழிகளோடு எப்படி ஒப்பிடுவது?

ரத்தக் கழிச்சலைப் பற்றிச் சொன்னது பாதி உண்மை. சிறிதளவு தொற்று எதிர்ப்புச் சக்தியைக் கொடுக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒட்டுண்ணியின் முட்டையுறை எச்சத்தோடு வெளியே விழுந்த உடனே நோயைத் தருவதில்லை. சூடும் ஈரமும் காற்றும் உள்ள இடத்தில் ஓரிரு நாள் கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும் தன்மையைப் பெறுகிறது. தினமும் சுரண்டுகிறவர் அந்த ஓரிரு நாளைக் கொடுப்பதே இல்லை. ஈயின் கதையும் இதுதான்: முட்டை ஒரே நாளில் பொரிந்து, நம் வெயிலில் பத்து நாள்களுக்குள் பறக்கும் ஈயாகிவிடும்.

இன்னொரு பலனையும் சொல்ல வேண்டும். பலகை ஒரு நோயேடு. எந்தக் கோழி எந்த இடத்தில் அடைகிறது என்பது சில நாள்களில் பழகிவிடுவதால், தண்ணீராகவோ ரத்தக் கலப்போடோ எச்சம் கிடந்தால் அது யாருடையது என்று காலையிலேயே தெரிந்துவிடும். பழுப்பாகக் கூழ்போல, கடும் நாற்றத்தோடு இடையிடையே கிடப்பதைக் கண்டு பதற வேண்டாம். அது குடற்பையிலிருந்து வருவது, இயல்பானது. கூளத்தில் விழுந்திருந்தால் இதில் எதையுமே நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

விரிசல்களைப் பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன். அதற்கு மருந்து ஆணியைத் தவிர்ப்பதுதான். கட்டையின் இரு நுனிகளையும் வாய்திறந்த தாங்கியில் சும்மா உட்கார வையுங்கள். வாரம் ஒருமுறை தூக்கி வெயிலில் போட்டு, நுனியைத் தடவிப் பாருங்கள். பலகையும் தண்டவாளத்தில் இழுப்பறைபோல் வெளியே வர வேண்டும். மேலே வழவழப்பான பிவிசி தகடு ஒட்டினால் ஈரம் ஊறாது.

முட்டைக்கணக்கு எழுதியது:

ஒரு சின்னக் குறுக்கீடு. இரண்டு கட்டைகள் வைப்பதாக இருந்தால் ஏணிப்படிபோல் வைக்காதீர்கள். எல்லாமே உச்சிக் கட்டைக்கு முண்டியடிக்கும். தோற்றவற்றின் முதுகில் மேலிருப்பவற்றின் எச்சம் விழும். முட்டையிடும் பெட்டி கட்டையைவிடத் தாழ்வாக இருக்கட்டும், இல்லையென்றால் பெட்டிக்குள்ளேயே தூங்கி முட்டைகளை நாசம் செய்துவிடும். இது எங்கள் வீட்டில் ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் கற்றுக்கொண்ட பாடம்.

செம்பவாங் தோட்டம் எழுதியது:

நன்றி. கட்டையைப் பற்றியும் ஒரு கேள்வி. குளிர்நாட்டு வரைபடங்களில் 9 செ.மீ. அகலமுள்ள தட்டைக் கட்டையைப் போடச் சொல்கிறார்கள். அது நமக்குப் பொருந்துமா?

ரம்புத்தான் நிழல் எழுதியது:

அங்கே பனியில் விரல்கள் உறைந்துவிடாமல் மார்புச் சிறகால் பொத்திக்கொள்வதற்காக அந்த அகலம். நமக்கு எதற்கு? நான்கு, ஐந்து செ.மீ. கட்டை போதும், ஆனால் மேல் விளிம்புகளை இழைத்து உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பிலும் சிலாம்பிலும்தான் பாதம் புண்ணாகி, கிருமி ஏறி வீங்குகிறது. கோழிக்கு 25 செ.மீ. இடம் என்பார்கள். நம் வெக்கைக்கு அவை இறக்கையை அகட்டி உட்காருவதால் 30 கொடுங்கள். உங்கள் 180 அதற்குச் சரியாக இருக்கிறது. அறுகோணக் கோழிவலையை நம்பாதீர்கள், எலியும் மலைப்பாம்புக் குட்டியும் அதில் புகுந்துவிடும். பற்றவைத்த அரை அங்குலக் கம்பிவலைதான் வேண்டும்.

பலகை விஷயத்தில், சன்னல் நான்கு மீட்டரில் இருக்கிறது என்பதால் மட்டும் கரணைக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் நாள்தோறும் சுரண்டுவதாகச் சத்தியம் செய்கிறவர்கள் ஊருக்குப் போகும்போது என்ன செய்வார்கள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் சுரண்டாத பலகை எந்த ஆழ்கூளத்தையும்விட மோசம்.

கரணை எழுதியது:

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் வெளியூர் போனால் என் தங்கை வருவாள்; அவளும் வராவிட்டால் பலகையின்மேல் மரச்சீவலைத் தூவிவிட்டுப் போவேன்.

செம்பவாங் தோட்டம் எழுதியது:

இழுப்பறைப் பலகை, தாங்கியில் அமரும் 5 செ.மீ. கட்டை, கூரைக்குக் கீழே நான்கு பக்கமும் கம்பிவலைத் திறப்பு என்று முடிவு செய்துவிட்டேன். கட்டைக்கு மேலே 60 செ.மீ. இடைவெளி இருப்பதால் வெக்கை தங்காது என நம்புகிறேன். டிசம்பரில் நாங்கள் மூன்று வாரம் திருச்சிக்குப் போகிறோம். கூண்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் மாமனார். அதனால் அந்த மூன்று வாரமும் பலகை கழற்றி வைக்கப்பட்டிருக்கும் என்பது இப்போதே தெரிகிறது. அவருக்காக இரண்டு மூட்டை மரச்சீவலை மழைபடாத இடத்தில் வைத்துவிட்டுப் போகிறேன்.