துலங்கலா, மசிவா?

> கீமோவுக்குக் கட்டி காட்டும் மாற்றத்தை, ஆங்கிலத்தில் response என்பதை, 'துலங்கல்' என்போம். தூண்டல், துலங்கல் என்று பள்ளியில் படித்ததுதானே?

வணக்கம் ஐயா,

பாடப்புத்தகத்துக்குச் சரி. நானும் யாழ்ப்பாணத்தில் அப்படி எழுதித்தான் புள்ளி வாங்கினேன். ஆனால் ஸ்கான் அறிக்கையில் அந்தச் சொல் தலைகீழாகிறது. மார்பக எம்.ஆர்.ஐ.யில் படத்தைத் தெளிவாக்கும் கடோலினியம் மருந்தை ஏற்றியதும், இரத்தக்குழாய் மலிந்த கட்டிதான் பளிச்சென்று துலங்கும். மருந்து வேலை செய்தால் அது மங்கும். மாமியின் அறிக்கையைப் படித்து, "கட்டி மருந்துக்கு நல்லாத் துலங்குதாம்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப இன்னும் மினுங்குதோ, தம்பி?" முதல் படத்தில் வெள்ளையாய் நின்ற கட்டியை வைத்தியர் அவருக்குக் காட்டியிருந்தாராம்.

'எதிர்வினை' என்றால் வாந்தியும் முடி கொட்டுவதும்தான் நினைவுக்கு வரும். 'சுருக்கம்' பாதி உண்மை. கட்டி மருந்துக்கு எப்படி மாறுகிறது என்று அளக்கும் ரெசிஸ்ட் 1.1 அளவுகோல் நீளத்தைத்தான் பார்க்கிறது: கட்டிகளின் நெடுவிட்டக் கூட்டுத்தொகை 30 சதவீதமாவது குறைந்தால் பகுதிப் பலன். 48 மி.மீ. கட்டி 31 ஆனால் தேறிவிடும். ஆனால் செத்த கட்டி தழும்பாகக் கிடந்தால் மமோகிராமில் பருமன் அவ்வளவாகக் குறையாது. சுருங்காமலே செத்ததை எப்படிச் 'சுருக்கம்' என்பது?

நம் ஊரில் என்ன சொல்கிறோம்? "காய்ச்சல் மருந்துக்குக் கேக்கேல்லை." இதிலிருந்து 'கேட்பு' என்று எடுக்க ஆசைதான், காப்புறுதிப் பணம் கேட்பதுபோல் ஆகிவிடும். அதனால் என் தெரிவு 'மசிவு'. முழு மசிவு, பகுதி மசிவு, மசியாக் கட்டி. எதற்கும் மசியாதவன் என்று ஆளைச் சொல்வோமே, அதேதான். கீரை மசியல் என்று சிரிக்கப்போகிறீர்கள், சிரியுங்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியரான கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தார். அவருடைய சொற்களுக்கும் யாராவது சிரித்திருப்பார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாவிட்டாலும், சத்திரசிகிச்சையில் எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது புற்றுநோய்க் கலங்கள் (செல்கள்) எஞ்சியிருக்கலாம். இரண்டையும் வெறுமனே 'முழு மசிவு' என்றால் மாமிக்குப் பொய் சொன்னதாகும். 'விம்ப முழுமசிவு', 'இழைய முழுமசிவு' என்று பிரிக்கலாமா? 'விம்ப' ஒட்டு எனக்கே பிடிக்கவில்லை. வேறு இருந்தால் எழுதுங்கள்.