டட்சன் 620 பிக்கப்: 30 கி.மீ. வேகத்தில் ஸ்பீடோமீட்டர் கேபிள் சத்தம், முள்ளும் துள்ளுகிறது

பிக்கப்620:
வணக்கம். வண்டி 1976 டட்சன் 620, நாலு கியர். சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் (பழைய வண்டிகளைச் சில நாட்கள் மட்டும் ஓட்டும் அனுமதி) இருப்பதால் நின்று கிடக்கும் நாள்தான் அதிகம். வேகம் 30-ஐத் தொட்டதும் டாஷ்போர்டுக்குப் பின்னால் கிறீச் கிறீச் என்கிறது. 50 தாண்டினால் அதுவே ஒரே இரைச்சலாகிவிடுகிறது. முள் 30-க்கும் 45-க்கும் நடுவே துள்ளுகிறது, 60-க்கு மேல் ஓரளவு அடங்குகிறது. கிளட்ச்சை மிதித்து உருளவிட்டாலும் சத்தம் நிற்கவில்லை. சில வாரங்களுக்கு முன் கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கி ஏற்றினார்கள். கேபிளை மாற்றியே ஆகணுமா, கிரீஸ் போட்டால் போதுமா? கிரீஸ் என்றால் எது, எவ்வளவு?

கியர்முருகு:
கிளட்ச் மிதித்தும் சத்தம் தொடர்கிறது, வண்டி வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் இஞ்சின் பக்கம் தேட வேண்டாம். முள்ளும் சேர்ந்து துள்ளுவதால் சந்தேகப்பட வேண்டிய இடம் மூன்றே: மீட்டர் தலை, கேபிள், கியர்பாக்ஸ் வாலில் உள்ள சின்னப் பல்சக்கரம். குறைந்த வேகத்தில் துள்ளி, வேகம் கூடினால் அடங்குவது பெரும்பாலும் கேபிள்தான். உள்கம்பி உறைக்குள் சிக்கி முறுக்கேறுகிறது, பிறகு சட்டென்று விடுபட்டுச் சுழல்கிறது. முள் அதையே காட்டுகிறது.

கியர்பாக்ஸ் இறங்கி ஏறிய வண்டி என்பதால், எதையும் கழற்றுமுன் கேபிள் போகும் வழியைப் பாருங்கள். எங்கேயும் வளைவின் ஆரம் 150 மி.மீ.க்குக் குறையக்கூடாது. மீட்டர் முனையிலும் கியர்பாக்ஸ் முனையிலும் முதல் 50 மி.மீ. நேராக இருக்கணும். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் போனால் உறை இளகிவிடும். இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டில் கேபிள் நுழையும் ஓட்டையில் ரப்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் உறை தகட்டில் உரசும். கியர்பாக்ஸை ஏற்றும்போது கேபிள் அதற்கும் வண்டித் தளத்துக்கும் நடுவே நசுங்குவது சகஜம். வழியைச் சரிசெய்ததுமே சத்தம் போய்விடுகிற வண்டிகளும் உண்டு, அப்படியானால் பணம் மிச்சம்.

அதிலும் நிற்கவில்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் கைவிடுங்கள். பின்னால் சொரசொரப்பான வளைய நட் இருக்கும். கையாலேயே திறக்கணும், பிளையர் போட்டால் மீட்டரின் கழுத்து உடையும். கீழே கியர்பாக்ஸ் முனையையும் கழற்றிக் கேபிளை முழுசாக வெளியே எடுங்கள். உள்கம்பியின் ஒரு முனையில் சின்ன வாஷர் நெரித்திருந்தால் அந்தப் பக்கமாகத்தான் வரும், மறுபக்கம் இழுத்துப் பிடிவாதம் பண்ண வேண்டாம்.

கம்பியைத் துடைத்து இரண்டு கையிலும் ஒவ்வொரு முனையைப் பிடித்து, நடுவை 'ப' மாதிரி தொங்கவிட்டு விரலால் மெதுவாக உருட்டுங்கள். நல்ல கம்பி சீராகச் சுழலும். மடிப்பு விழுந்த கம்பி ஒரு இடத்தில் நின்று குதிக்கும். மடிந்த கம்பியை நிமிர்த்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். இழை பிரிந்திருந்தாலும், சதுர முனையின் மூலைகள் உருண்டிருந்தாலும் அதே கதைதான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் ஜாக்கி போட்டு இதைச் செய்யாதீர்கள். தெரிந்த பட்டறையில் ஒரு மூலை கேளுங்கள்.

ஜூரோங்ரவி:
இவ்வளவு எதுக்கு அண்ணே? மேல் முனையை மட்டும் கழற்றி, உறைக்குள்ளே டபிள்யூடி-40 நல்லா அடிச்சு விட்டா முடிஞ்சது.

மீட்டர்க்காரர்:
ரவி தம்பி, ஒரு வாரம் சத்தம் இருக்காதுதான். அந்த ஸ்ப்ரே முக்காலும் கரைப்பான். உள்ளே மிச்சமிருக்கும் பழைய கிரீஸை அது கழுவிவிட்டு ஆவியாகிவிடும், பிறகு இரும்போடு இரும்பு உரசும். அதைவிட மோசம், மேலிருந்து அடித்தால் மீட்டருக்கு வெகு பக்கத்தில் ஈரம் தேங்குகிறது. உள்கம்பி சுருள் சுற்றியது. சுழலும்போது அந்தச் சுருளே எண்ணெயை மேலே ஏற்றிவிடும். மீட்டருக்குள் ஒரு காந்தம் சுழல்கிறது, அதைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம் மெல்லிய ஸ்பிரிங்கில் நிற்கிறது. எண்ணெய் போய் அந்த இடைவெளியில் ஒட்டினால் காந்தம் கிண்ணத்தையும் சேர்த்து இழுக்கும். முள் நிஜ வேகத்தைவிட அதிகமாகக் காட்டும், இல்லாவிட்டால் மேலேயே ஒட்டிக்கொள்ளும். இஞ்சின் ஆயிலும் இதே காரணத்துக்காகத்தான் ஆகாது.

பிக்கப்620 கேட்டதற்கு: கிராஃபைட் கலந்த ஸ்பீடோமீட்டர் கேபிள் கிரீஸ் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் மென்மையான லித்தியம் கிரீஸ். பிசுபிசுவென்று நூல் இழுக்கும் சேசிஸ் கிரீஸ் வேண்டாம், கம்பி அதில் இழுபடும். முழுக் கேபிளுக்கும் ஒரு தேக்கரண்டிகூடத் தேவையில்லை.

முதலில் உறையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டுக் காற்றடித்து உலர்த்துங்கள். இரண்டு விரலில் கிரீஸ் தடவிக் கம்பியை அதற்குள் இழுங்கள். மீட்டர் பக்கத்து 200 மி.மீ.யை விட்டுவிடுங்கள். கம்பியை உள்ளே தள்ளிய பிறகு, அது மேல் பக்கமாக உருவ வருமானால் மறுபடி 200 மி.மீ. வெளியே இழுத்து, ஒட்டியதைச் சுத்தமாகத் துடைத்துத் திரும்பத் தள்ளுங்கள். இந்தக் கடைசித் துடைப்பைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

மாட்டும்போது கீழ் முனையை முதலில் மாட்டுங்கள். மேலே உள்கம்பி உறையிலிருந்து சுமார் 10 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கணும், பழைய கம்பியில் எவ்வளவு என்று அளந்துகொள்வது இன்னும் பத்திரம். கம்பி நீளமாகிவிட்டால் மீட்டரின் சுழல்தண்டை மேலே நெட்டி அதுவே புதுச் சத்தத்தைக் கிளப்பும். குறைந்தால் சதுர முனை நழுவும். வளைய நட் கையால் முழுசாக ஏறவில்லையா, சதுரம் குழியில் உட்காரவில்லை என்று அர்த்தம். கம்பியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், நட்டை முறுக்கி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள்.

கேபிளைக் கழற்றி வைத்திருக்கும்போதே மீட்டரையும் சோதித்துவிடலாம். பழைய கம்பித் துண்டை டிரில்லில் பிடித்து, சதுர முனையை மீட்டருக்குள் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். முள் பூச்சியத்துக்குக் கீழே போகப் பார்த்தால் சுழற்சியை மாற்றுங்கள். ஜப்பானிய மீட்டர்களின் வழக்கமான கணக்கு நிமிடத்துக்கு 637 சுற்றுக்கு மணிக்கு 60 கி.மீ. வேகம். அங்கேயும் கிறீச்சிட்டால் குற்றம் கேபிளில் இல்லை. மீட்டரின் கழுத்தில் சுழல்தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்திருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, ஊசி முனையில். இரண்டாவது சொட்டு வேண்டாம்.

பிக்கப்620:
நன்றி அண்ணே. கழற்றியாயிற்று. கம்பியில் மடிப்பு இல்லை. உறை ஒரு இடத்தில் கியர்பாக்ஸுக்கு மேலே அழுந்தியிருந்தது, ஆனால் நசுங்கவில்லை. டிரில்லில் மீட்டர் சத்தமே போடவில்லை. ஒரு சந்தேகம்: கம்பியின் மேல் முனை காய்ந்திருக்கும் என்று நினைத்தேன், கறுப்பாக எண்ணெய் ஈரம், கந்தக வாடை. இது கிரீஸா?

கியர்முருகு:
அந்த வாடை கியர் ஆயில், தம்பி. கீழேயிருந்து ஏறியிருக்கிறது. இப்படியே கிரீஸ் போட்டு மாட்டினால் ஆயில் அதைக் கழுவிக்கொண்டு மீட்டருக்குள் போகும், முதலில் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள்.

கேபிள் மாட்டும் இடத்தில் பல்சக்கரத்தைத் தாங்கும் குழல் ஒன்று இருக்கும், ஒரு சின்னத் தகடும் போல்ட்டும் பிடித்திருக்கும். சுற்றிலும் மண்ணைத் துடைத்து, கீழே தட்டு வைத்துவிட்டுக் கழற்றுங்கள், கொஞ்சம் ஆயில் வழியும். குழலுக்கு வெளியே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், உள்ளே தண்டைச் சுற்றிச் சின்ன ஆயில் சீல். ஓ-ரிங் தேய்ந்தால் கியர்பாக்ஸ் வெளியே நனையும். கேபிளுக்குள் ஆயில் ஏறுவது உள்சீலால். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பழையதைக் கையில் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள்.

பல்சக்கரத்தின் பல் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்ற நேர்ந்தால் அதே பல் எண்ணிக்கை வேண்டும், பின் அச்சின் விகிதத்துக்கு ஏற்ப அது மாறும். எண் தவறினால் சத்தம் இருக்காது, வேகம் பொய்யாக இருக்கும். குழலைத் திரும்ப வைக்கும்போது தகடு அதன் பள்ளத்தில் உட்கார்ந்த பிறகே போல்ட்டை இறுக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் கியர்பாக்ஸ் ஆயில் அளவைச் சரிபாருங்கள். ஜிஎல்-4 80டபிள்யூ-90 ரக கியர் ஆயில், நிரப்பும் ஓட்டையின் விளிம்பு வரை.

மீட்டர்க்காரர்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முள் சீராக இருந்தும் வழக்கத்தைவிட அதிக வேகம் காட்டினால் ஆயில் ஏற்கெனவே கிண்ணத்தைத் தொட்டிருக்கிறது. ஸ்ப்ரே அடித்துக் கழுவ வேண்டாம், ஸ்பிரிங் கோணலானால் மீட்டர் போச்சு. மீட்டர் பழுது பார்ப்பவரிடம் கழற்றிக் கொடுங்கள். அதுவரை ஜிபிஎஸ் வேகத்தோடு 40-லும் 60-லும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.