புதுப்பிப்பு: சொன்னதுக்கெல்லாம் எதிர்ப்பேச்சு – கடைசியில் கைகொடுத்தது எது

மொரிஷியஸ் ஆரம்பப் பள்ளித் தமிழ் வகுப்பு, கிரேடு 5. "நோட்டை எடு" என்றால் "ஏன் மிஸ், நான் மட்டுமா?" என்று தொடங்கும் வாக்குவாதத்தைச் சத்தம் போடாமல் எப்படி நிறுத்துவது என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

பலித்தது "சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்" என்ற யோசனை. முதலில் பெயர், ஒரு நொடி இடைவெளி, பிறகு ஒரே வாக்கியம்: "நோட்டைத் திற, நன்றி." உடனே அடுத்த பெஞ்சுக்குப் போய்விட வேண்டும். பக்கத்திலேயே நின்று முறைத்தால், மற்ற பிள்ளைகள் முன்னால் தோற்கக் கூடாதென்றே அந்தப் பிள்ளை வாயாடும். பத்து நொடி முதுகைக் காட்டினால் பெரும்பாலும் நோட்டு திறந்துவிடும். முணுமுணுப்பு, பெருமூச்சு, நாற்காலி இழுக்கும் சத்தம் எதையும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது (இதுதான் கஷ்டம்).

"அவனும்தான் பேசினான்" என்றால், "இருக்கலாம். இப்போ உன் நோட்டு." குரல் ஏறாமல் இரண்டு தடவை, அதற்கு மேல் போனால், மணி அடித்ததும் தனியாக ஒரு நிமிடப் பேச்சு. வாக்கியத்தின் கடைசியில் "சரியா?" சேர்த்தால் கெட்டது காரியம், "சரியில்லை மிஸ்" என்று வரும்.

"இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு" என்று சொல்லிப் பார்க்கும் யோசனை இந்த வயதில் எடுபடவில்லை. மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள்.

எதிர்பாராதது: அடம் என்று நினைத்ததில் பாதி அடமே இல்லை. வீட்டில் பேசுவது மொரிஷியஸின் பேச்சுமொழியான கிரியோல்தான்; தமிழில் சொன்னது புரியாததை மறைக்கத்தான் அந்த வீம்பு. பக்க எண்ணைப் பலகையில் எழுதி, விரலால் காட்டிவிட்டுச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.