மலத்தில் ரத்தம், ஆர்பிசி (ரத்தச் சிவப்பணு) ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். யாராவது எடுத்திருக்கிறீர்களா?

அப்பாவுக்கு 71 வயது. மூன்று வாரமாக விட்டுவிட்டு மலத்தில் ரத்தம், சில நாள் தார் மாதிரி கறுப்பாக, சில நாள் கருஞ்சிவப்பாக. எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி இரண்டும் பார்த்தாயிற்று, எங்கே கசிகிறது என்று பிடிபடவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். இப்போது நியூக்ளியர் மெடிசினில் ஆர்பிசி ஸ்கேன் என்கிறார்கள். கதிரியக்கம் என்றதும் அம்மா ஆடிப்போய்விட்டார், வீட்டில் எட்டு மாதப் பேத்தி வேறு. சிடி எடுத்தால் போதாதா?

பதில் 1:
நான் இந்தத் துறையில் டெக்னீஷியன். அப்பாவின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, சிவப்பணுக்களில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஒட்டவைத்துத் திரும்ப ஏற்றுவோம், அப்புறம் அந்தக் கதிரைப் படமாக்கும் காமா கேமராவுக்குக் கீழே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். முதுகு வலிக்கும், அதுதான் பெரிய கஷ்டம். திரையில் இதயம், கல்லீரல், பெரிய ரத்தக்குழாய்கள் தெரியும். கசிவு இருந்தால் குடல் பக்கம் புதிதாக ஒரு புள்ளி முளைத்து, நேரம் ஆக ஆக அடர்ந்து, குடல் போகிற வழியிலேயே நகரும். நகராமல் ஒரே இடத்தில் நின்றால், அது கசிவுதானா என்று எங்களுக்கே சந்தேகம் வரும். நிமிடத்துக்கு 0.1 மில்லி கசிந்தாலே இதில் தெரியலாம், சிடி ஆஞ்சியோவுக்கு (சாயம் ஏற்றி ரத்தக்குழாய்களைப் பார்க்கும் சிடி) 0.3க்கு மேல் வேண்டும். ஆனால் சிடி இடத்தைத் துல்லியமாகக் காட்டும், நிமிடங்களில் முடியும், ரத்தம் கொட்டும்போது அதுதான் முதலில். டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அன்று மட்டும் பேத்தியை மடியில் வைக்க வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

பதில் 2:
ரத்தம் போகும்போதே எடுத்தால்தான் பலன், இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. மாமனாருக்கு வெள்ளி இரவு போனது, ஸ்கேனுக்குத் திங்கள்தான் நேரம் கொடுத்தார்கள். அதற்குள் நின்றுவிட்டது. ரிப்போர்ட் நார்மல், பணம் போனதுதான் மிச்சம். மறுநாள் காலை இன்னொரு படம் எடுத்தார்கள், பெருங்குடலில் ஏதோ தெரிந்தது, ஆனால் அது மேலிருந்து இறங்கி வந்ததா அங்கேயே கசிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

பதில் 3:
சின்னப் பிள்ளைகளுக்கு எடுப்பது மெக்கல் ஸ்கேன், அது வேறு. என் மகனுக்கு எடுத்தோம். அதில் ரத்தத்தை அல்ல, குடலில் தப்பிப்போய் ஒட்டியிருக்கும் இரைப்பைச் சவ்வைத் தேடுவார்கள். கூகுளில் இரண்டையும் போட்டுக் குழம்பாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டாக்டரிடம் கேட்டேன், அப்பாவின் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) ஏற்கெனவே கூட இருப்பதால் சிடி சாயத்துக்கு யோசிக்கிறாராம். மறுபடி ரத்தம் போனால் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சிக்கு வரச் சொன்னார். 6 மணி நேரக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பேத்தியை ஒரு வாரத்துக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பப் பை கட்டிக்கொண்டிருக்கிறார்.