யானையின் உடல்நிலையை அறிய எடை மட்டும் போதுமா?

கால்நடை மருத்துவ மாணவி:
வணக்கம். உயிரியல் பூங்கா ஒன்றில் பயிற்சி பெறுகிறேன். அங்குள்ள இரண்டு ஆசியப் பெண் யானைகளையும் மாதந்தோறும் எடைமேடையில் நிறுத்தி எடையைக் குறித்து வைக்கிறோம். இளைய யானை மூத்ததைவிட 400 கிலோ கூடுதலாக இருக்கிறது, உயரமும் அதிகம். அது கொழுத்திருக்கிறதா, இல்லை அதன் உடல்வாகே அப்படியா என்பதை எப்படி அறிவது?

ஓய்வுபெற்ற மருத்துவர்:
இரண்டையும் ஒப்பிடாதீர்கள் அம்மா. ஒவ்வொன்றையும் அதன் பழைய பதிவுகளோடு மட்டுமே ஒப்பிடுங்கள். எடையோடு கண்ணால் பார்த்து 1 (மிக மெலிந்தது) முதல் 5 (மிகக் கொழுத்தது) வரை மதிப்பெண் இடும் முறையும் உண்டு. பின்னாலிருந்து பார்க்கும்போது முதுகெலும்பு மேடாகத் துருத்தி, இடுப்பெலும்பின் முனையும் விலா எலும்புகளும் தெளிவாகத் தெரிந்தால் யானை மெலிந்திருக்கிறது; இவை எல்லாம் சதைக்குள் மறைந்து முதுகு உருண்டிருந்தால் கொழுத்திருக்கிறது. மாதந்தோறும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து வைத்தால், தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பும் மாற்றமும் பிடிபடும்.

பூங்கா உயிரியலாளர்:
கொழுப்பைச் சிறிய குறையாக எண்ண வேண்டாம். வட அமெரிக்கப் பூங்கா யானைகளைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வில் 74 சதவீதம் 4 அல்லது 5 மதிப்பெண் பெற்றிருந்தன. வாரத்திற்கு 14 மணி நேரமோ அதற்கு மேலோ பணியாளர்கள் நடக்க வைத்த யானைகளுக்கும், எப்போது கிடைக்கும் என்று ஊகிக்க முடியாதபடி தீவனம் பெற்றவற்றுக்கும் அந்த அபாயம் குறைவாக இருந்தது. ஆகவே தீவனத்தைக் குறைப்பதற்கு முன், அதைத் தொங்கவிட்டும் ஒளித்து வைத்தும் தேடித் தின்ன வையுங்கள்.

கால்நடை மருத்துவ மாணவி:
மிக்க நன்றி. பழைய பதிவேட்டைப் புரட்டியபோதுதான் ஐம்பது வயதைக் கடந்த மூத்த யானை ஓராண்டாகச் சிறிது சிறிதாக மெலிந்து வருவது தெரிந்தது. தீவனத்தை மிச்சம் வைப்பதில்லை.

ஓய்வுபெற்ற மருத்துவர்:
அப்படியானால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறைதான் கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. கடைசிப் பல்லும் தேய்ந்தால் வயிறு நிறையத் தின்றும் உடம்பில் ஒட்டாது. நாளைக் காலை இலத்தியைப் பிரித்துப் பாருங்கள். மெல்லப்படாத நீண்ட நார்கள் நிறைய இருந்தால் பற்களைச் சோதித்து, புல்லைச் சிறிதாக நறுக்கிக் கொடுங்கள். நார் சிறிதாகவே இருந்தால், காதின் பின்புற இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதிப்பதோடு, தும்பிக்கையை உப்புநீரால் கழுவிக் காசநோய்க்கான மாதிரியும் எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.