கூலர் போட்டால் புழுக்கம் கூடுகிறது, என்ன கோளாறு?

வேலூர்க்காரன்:
வேலூரில் ஐந்து வருடம் ஓடிய ஏர் கூலரை, போன மாதம் திருவான்மியூருக்கு வீடு மாறியபோது கூடவே கொண்டு வந்தோம். அங்கே 40 டிகிரி வெயிலிலும் அறை சில்லென்று இருக்கும். இங்கே 33 டிகிரிதான், ஆனால் கூலர் போட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது. தலையணை உறைகூட நமுத்துப் போகிறது. 68 வயது அம்மா இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை. பேட் புதிது, பம்பும் ஓடுகிறது. குளிர்ச்சி வெளியே போகாமல் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் வைக்கிறோம்.

கூலர் மெக்கானிக்:
தம்பி, கூலர் நன்றாகத்தான் இருக்கிறது. முதலில் ஜன்னலைத் திறங்க. கூலர் காற்றைக் குளிர்விப்பதே அதில் தண்ணீரை ஆவியாக்கித்தான். சாத்திய அறையில் அந்த ஈரம் அங்கேயே தங்கிவிடும்.

மாடிவீடு:
இதில் கணக்கும் இருக்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே எந்தக் கூலராலும் காற்றைக் கொண்டுபோக முடியாது. வேலூரில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் அந்த எல்லை ஏறக்குறைய 24. சென்னையில் 33 டிகிரி, 65 சதவீதம் என்றால் 27, 28. அங்கே 15 டிகிரிக்கு மேல் இறங்க இடம் இருந்தது, இங்கே ஐந்தாறுதான். அந்த ஐந்தாறுக்காக அறையின் ஈரத்தை ஏற்றிவிடுகிறீர்கள்.

நம் உடம்பும் ஒரு கூலர்தானே. வேர்வை வழிவதால் சூடு குறையாது, அது காய்ந்தால்தான் குறையும். ஒரு கிராம் காய்ந்தால் சுமார் 2.4 கிலோஜூல் வெப்பம் போகும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வேர்வை தோலிலேயே நிற்கும். அந்த 33 டிகிரி 41 போலத் தெரிவது இதனால்தான்.

வேலூர்க்காரன்:
அப்போ கூலரைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? ஏசி வாங்க இப்போது முடியாது சார்.

மாடிவீடு:
வேண்டாம். பம்பை அணைத்துவிட்டு வெறும் ஃபேனாக ஓட்டுங்கள். 33 டிகிரி காற்று தோலைவிடக் கொஞ்சம் குளிர்ச்சிதான், வீசினால் வேர்வையும் காயும். பிறகு ஏசி வாங்கினாலும் 18-ல் வைக்க வேண்டியதில்லை. ஏசி காற்றிலிருந்து ஈரத்தையும் பிழிந்து எடுத்துவிடும், அதனால் 26 வைத்து மேலே ஃபேன் சுற்றினாலே போதும்.

கடற்கரைத் தெரு:
அம்மாவைக் கவனியுங்க. வயதானவர்களுக்குத் தாகமும் குறைவு, வேர்ப்பதும் குறைவு. கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுங்க. பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

வேலூர்க்காரன்:
ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். ஜன்னல் சாத்தி, கூலரில் தண்ணீரோடு 30 டிகிரி, 88 சதவீதம். ஜன்னல் திறந்து, பம்ப் இல்லாமல் 32 டிகிரி, 68 சதவீதம். இரண்டு டிகிரி கூடுதல்தான், ஆனால் அம்மா நேற்று விடியும்வரை தூங்கினார். தொட்டியைக் காலி செய்து காயவைத்துவிட்டேன். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க ஆள் நாளைக்கு வருகிறார்.