நூல், அடி, கெஜம், பாகம்: வடசென்னையில மீட்டர் கணக்குக்கு மாத்தும்போது எங்கே தப்பு வருது?

கொருக்குப்பேட்டை, கட்டட வேலை:
கம்பிக்கு இன்னும் நூல் கணக்குதான் ஓடுது. 8 நூல் 1 இன்ச், அப்போ 1 நூல் 3.175 மி.மீ. மூணு நூல் கம்பின்னா விட்டம் கணக்குப்படி 9.5 மி.மீ., கடைக்கு வர்றது 10. அஞ்சு நூல் 15.9, வர்றது 16. நாலு நூல் மட்டும் 12.7, ஆனா வர்றது 12. 0.7 மி.மீ. தானேன்னு விடாதீங்க. இரும்போட பரப்பு விட்டத்தோட வர்க்கத்துல போகும். 12-ன் வர்க்கம் 144, 12.7-ன் வர்க்கம் 161. சுமார் 11 சதவீதம் இரும்பு குறையுது. அரை இன்ச்னு குறிச்ச பழைய பிளான்ல 8 கம்பி இருந்தா, அதே அளவு இரும்புக்கு 12 மி.மீ.ல 9 வேணும். இப்போ வர்ற டிஎம்டி கம்பி (சூடா உருட்டி சட்டுன்னு குளிரவச்சது) பழைய மைல்ட் ஸ்டீலைவிட (சாதா இரும்புக் கம்பி) பலமானது, அதனால எண்ணிக்கையை இன்ஜினியர்தான் முடிவு பண்ணணும். மேஸ்திரி வாய்க்கணக்கு போதாது.

கம்பி இறங்கும்போது எடையைப் பாருங்க. மி.மீ. விட்டத்தோட வர்க்கத்தை 162-ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். 12 மி.மீ.க்கு 0.889. 12 மீட்டர் முழுக்கம்பி 10.67 கிலோ. ‘நாப்பது அடி கம்பி’ன்னு சொல்றது நிஜத்துல 39 அடி 4 இன்ச் சொச்சம்.

தண்டையார்பேட்டை, பிளம்பிங்:
ஜிஐ பைப்புல (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) இன்ச்சை நேரா மி.மீ. ஆக்குற இந்தக் கணக்கு செல்லாது. அரை இன்ச் பைப்போட வெளிவிட்டம் 21.3 மி.மீ. வெளியே அளந்து இன்ச் ஆக்கினா முக்கால் இன்ச்னு நினைச்சு தப்பான ஃபிட்டிங்தான் வாங்குவீங்க.

ராயபுரம், பத்திரம் எழுதுறவர்:
40 அடி 10 அங்குலத்தை கால்குலேட்டர்ல 40.10-ன்னு போடுறாங்க. அங்குலத்தை 12-ஆல வகுக்கணும்: 40.833. அதை 0.3048-ஆல பெருக்கினா 12.446 மீட்டர். 40.10-ன்னு போட்டா 22 செ.மீ. காணாமப் போயிடும். நம்ம பக்கம் சுவரோட சுவர் ஒட்டின மனைங்க, 22 செ.மீ.ன்னா பக்கத்து வீட்டோட வழக்குதான். ரவுண்டு பண்றதைக் கடைசியில ஒரே தடவை பண்ணுங்க.

வண்ணாரப்பேட்டை, ஜவுளி:
1 கெஜம் 91.44 செ.மீ. ஆறு கெஜப் புடவை 5.49 மீட்டர், ஒன்பது கெஜம் 8.23. கெஜத்துல பத்துல ஒரு பங்கு கழிச்சு மீட்டர்னு எடுத்துக்கிற குறுக்குவழி ஒரு புடவைக்குப் பரவாயில்லை. 30 கெஜம் திரைத்துணிக்கு 43 செ.மீ. குறையும், ஒட்டுப்போட வேண்டி வரும்.

காசிமேடு, விசைப்படகு:
1 பாகம் 6 அடி, 1.83 மீட்டர். கையை விரிச்சுக் கயிறு அளக்கிறவரோட கைவீச்சு அஞ்சரை அடின்னா, 20 பாகம்னு எண்ணின கயிறு 110 அடிதான் இருக்கும். 10 அடி குறைவு. ஒரு பாகத்தை டேப்புல அளந்து படகு விளிம்புல குறி போட்டுட்டு அதை வச்சு எண்ணுங்க. எக்கோ சவுண்டர் (ஒலியை வச்சு ஆழம் காட்டுற கருவி) மீட்டர்ல இருக்கா, பாகத்துல இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பாருங்க. 20 மீட்டரை 20 பாகம்னு நினைச்சா, நிஜ ஆழம் 11 பாகம்தான். வலை தரையில மாட்டிக் கிழியும்.